உறுதியாகச் சொல்வதற்கில்லை

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போனை எடுப்பதாக இல்லை. மறுமுனையில் மணி அடிப்பதை நானும் எத்தனை தடவைதான் கேட்டுக்கொண்டிருப்பது? தபால்காரர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சண்டையைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரி விஷயம் மட்டும்.

டாக்டரம்மா மறுபடி வரச் சொன்ன கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அவர் பேசியது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் நான்தானே இருந்தேன். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் பதித்திருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒரு வரிசை கோணல். நானும் கவனித்தேன். ஆனால் என் காது அவர் பேச்சில் இருந்தது.

"பல வருஷமா அமிலம் மேல ஏறி ஏறி, உணவுக்குழாயோட அடிப்பக்கத் தோலே மாறிப்போயிருக்கு. அதுல கொஞ்சம் சதை கிள்ளி எடுத்துப் பார்த்தோம். செல்லெல்லாம் ஒரு மாதிரி குழம்பிக் கிடக்கு. புண்ணு ஆறாததால குழம்பியிருக்கா, இல்ல தப்பான வழியில கிளம்பிடுச்சான்னு உறுதியாச் சொல்ல முடியல. ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் அதையேதான் எழுதியிருக்காங்க."

நீங்கள் கேட்டீர்கள்: "கேன்சரா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா."

"எடுத்த சதையில இல்ல. இனிமே வருமான்னா, இப்படி ரிசல்ட் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள மாறலாம். நீங்க அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் மாத்திரை போட்டுப் புண்ணை ஆத்திக்கிட்டு மறுபடி வாங்கன்னு சொல்றேன்."

இவ்வளவுதான் விஷயம். நீங்கள் போயிருக்கும் ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும். ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். போய்ப் பாருங்கள்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 21

மச்சானுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கையைக் கட்டுவதற்கு முன்னால் எனக்கு 'டேய்'. கட்டிய பிறகு 'நீ'. கோபம் வந்தால் 'நீங்கள்'. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் இதுகூடப் புரியாதா?

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதாம். சண்டை செய்தவருக்கு அது சுலபம். எனக்கு அதைத் தவிர எழுத வேறு ஒன்றும் இல்லை.

நான் உங்களிடம் என்ன கேட்டேன்? ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "வேலை செய்யிற இடத்துல யாருக்கும் தெரிய வேணாம் மச்சான்" என்றேன். தலையை ஆட்டினீர்கள். மறுவாரம் இன்ஜினியர் எல்லார் முன்னாலும் வந்து, "நீங்க இனிமே குனிய வேணாம், சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்க" என்கிறார். அன்று மத்தியானமே டீ வந்தபோது என் டம்ளர் தனியாக இருந்தது. ஒட்டுகிற நோயா அது? டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் கலக்குகிற ஆள் என் சாந்துக்கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரில் முக்கி எடுத்தான். நீங்கள் நாம் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்த நூலகக் கூடத்தின் மறுகோடியில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குனிந்திருந்தீர்கள். அந்த ரசமட்டத்தாலேயே உங்களுக்குப் பட்டப்பெயர். எதிலும் ஒரு நூல் சாயமாட்டார் என்று பெயரெடுத்த மனுஷன், என் விஷயத்தில் இப்படிச் சாய்ந்துவிட்டார்.

அவ்வளவு படித்த டாக்டரம்மா யோசித்து யோசித்து 'தெரியாது' என்று சொன்னதை, நீங்கள் ஒரு சிமெண்ட் மூட்டை இறக்குவதற்குள் 'தெரியும்' ஆக்கிவிட்டீர்கள்.

இங்கே டைல்ஸ் கடையில் கட்டிங் மெஷின் வேலை. நின்றுகொண்டே வெட்டலாம். குனிய வேண்டியதில்லை. நீங்கள் ஆசைப்பட்டபடியே நடந்திருக்கிறது, சந்தோஷப்படுங்கள். உங்கள் தங்கை கட்டிலின் தலைமாட்டுக்கு உடைந்த டைல்ஸை அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறாள், அமிலம் மேலே ஏறக் கூடாதென்று. அமிலம் ஏறவில்லை, நான் விடிவதற்குள் கால்மாட்டுக்கு இறங்கிவிடுகிறேன்.

பரிசோதனைக்குப் போகும் எண்ணம் இல்லை. தெரியாமல் இருப்பதே எனக்குப் போதும்.

மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளை,

சரி. 'நீ' என்றே எழுதுகிறேன்.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ முட்டிபோட்டு வரிசை பிடித்துக்கொண்டிருந்தாய். நடுவில் எழுந்து மூட்டை அடுக்கியிருந்த பக்கம் போனாய். நான் தண்ணீர் குடிக்க வந்தவன் பார்த்துவிட்டேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு புளித்த தண்ணீராகத் துப்பிக்கொண்டிருந்தாய். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி குனிந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. இன்ஜினியரிடம் போய், "அவரைக் கொஞ்ச நாளைக்குக் குனிய வைக்காதீங்க சார்" என்றேன். ஏன் என்று கேட்டார். முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது ஆஸ்பத்திரி. ஒன்றைச் சொன்னால் அவர் அடுத்ததைக் கேட்டார். 'ஒண்ணும் உறுதியாத் தெரியாதுங்க' என்று நூறு தடவை சொன்னேன். அந்தப் பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த ஒரு பேரைக் கேட்டுவிட்டால் மீதியைக் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

டம்ளர் விஷயம் எனக்குத் தெரியாது. நீ எழுதித்தான் தெரியும். தெரிந்திருந்தால் அந்த டம்ளரில் நான் குடித்திருப்பேன்.

தப்புத்தான். மன்னித்துவிடு என்று எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

நூலகக் கூடம் இன்னும் பாதிகூட முடியவில்லை. நீ இல்லாமல் மூலை சேர்ப்பதற்கு ஆள் சரியில்லை. நானே எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடியில் கலவை சேராமல் பொள்ளலாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உடம்பையும் அப்படித் தட்டிப் பார்க்க முடிந்தால் டாக்டருக்கு வேலை இருக்காது. முடியாதே. அதனால்தான் போ என்கிறேன்.

எனக்கும் வயதாகிறது போல. ரொட்டியை மென்று விழுங்கினால் நெஞ்சுக்குள் ஓர் இடத்தில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. தண்ணீரைக் குடித்துத் தள்ளுகிறேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு என் சமையலை நானே சாப்பிட வேண்டியிருக்கிறதே, அதற்கு அந்த ரொட்டிதான் என்ன செய்யும்!

எனக்காக வேண்டாம். தங்கச்சிக்காகப் போ.

மச்சான்


ஏப்ரல் 9

மச்சான்,

போய்விட்டு வந்தேன்.

உங்களுக்காகவும் இல்லை, அவளுக்காகவும் இல்லை. இரவு உங்கள் கடிதத்தை அவளும் படித்தாள். காலையில் எழுந்து பார்த்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "எங்க கிளம்பிட்ட?" என்றேன். "நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்" என்றாள். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே அச்சு. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்த பிறகு சட்டையை மாட்டினேன்.

தொண்டையில் மருந்தடித்து மரத்துப்போக வைத்து, குழாயை விட்டு, போன தடவையைவிட அதிக இடத்தில் சதை கிள்ளினார்கள். ரிசல்ட் வருவதற்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் மெஷினில் நான் வெட்டியதெல்லாம் கோணல். கடைக்காரர் நல்லவர், உடைந்ததை எண்ணவில்லை.

ஒன்றும் இல்லை, மச்சான். தோல் மாறியது மாறியதுதான். ஆனால் தப்பான வழியில் போன செல் எதுவும் இல்லையாம். புண் ஆறியதும் குழப்பம் தெளிந்துவிட்டது என்றார் இந்த ஊர் டாக்டர். "சந்தோஷப்படுங்க, ஆனா ஒரேயடியா விட்டுடாதீங்க. ஒரு தடவை சுத்தமா வந்தா நான் நம்ப மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார். வெளியே வந்து உங்கள் தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நல்ல செய்திக்கு ஏன் அழுகிறாள் என்று போகிறவர்கள் எல்லாம் என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் எழுதிய மன்னிப்பையும் படித்தேன். அதற்குப் பதில் சொல்ல இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

ரொட்டி இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைத் துரத்திவிட்ட பாவம் தொண்டையில் நிற்கிறது, வேறொன்றும் இல்லை. நன்றாக நிற்கட்டும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கூடத்தின் நடுவில் நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இன்ஜினியருக்கும் சேர்த்துத்தான். அந்தக் கிரவுட்காரனைக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்க வைத்தேன். பிறகு எல்லாருக்கும் என் கையால் டீ ஊற்றினேன். உனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு, ஆறுவதற்குள் நானே குடித்தேன்.

பாவம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாய், நிற்கிறது. ரொட்டியை விட்டுவிட்டேன். கஞ்சிக்கு மாறிவிட்டேன், அது ஒழுங்காக இறங்குகிறது. இளைத்திருக்கிறேன் என்கிறார்கள். தொப்பை போனதில் குனிவதற்கு வசதிதான். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டேன்.

ஒரு அதிசயம் கேள். இத்தனை வருடமாகச் சட்டைப்பையில் சுண்ணாம்பு மாத்திரையை வைத்துக்கொண்டு மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டிருந்தேனே, இப்போது அது தேவைப்படுவதே இல்லை. நெஞ்செரிச்சல் தானாக நின்றுவிட்டது. உனக்குக் குழாய் விட்டார்கள், எனக்குச் சும்மாவே சரியாகிவிட்டது பார்! நான் இரும்புடா.

வந்துவிடு. கூடம் காத்திருக்கிறது. சாளரத்தின் பக்கம் முழுவதும் உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

மச்சான்


மே 15

மச்சான்,

வரமாட்டேன். எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டவர் எல்லார் முன்னாலும் வந்து கூப்பிடட்டும். இன்ஜினியரை அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள், யோசிக்கிறேன். சாளரப் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்.

நீங்கள் இரும்பாகவே இருங்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்பிள்ளை,

இன்ஜினியரை அழைத்து வருவது நடக்கிற காரியம் இல்லை. நான் மட்டும் வரலாம் என்று கிளம்பினேன். பஸ் நிலையம்வரை நடந்ததிலேயே தளர்ந்துவிட்டது, திரும்பிவிட்டேன்.

நீ இரண்டு நாள் வந்துவிட்டுப் போயேன். வேலைக்கு இல்லை. சும்மா.

மச்சான்


ஆகஸ்ட் 2

மாப்பிள்ளை,

ஜூன் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கும்.

கஞ்சியும் இறங்காமல் போனது. இரண்டு நாள் தண்ணீரே திரும்பி வந்தது. அப்புறம் நம் டாக்டரம்மாவிடமே போனேன். உன்னோடு வந்தபோது உட்கார்ந்த அதே நாற்காலி, இந்தத் தடவை பக்கத்தில் யாரும் இல்லை. "எத்தனை வருஷமா நெஞ்செரிச்சல் இருந்துச்சு?" என்று கேட்டார். கணக்கே இல்லை என்றேன். "அவரோட வந்தப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். "அவருக்குத்தானே உடம்பு சரியில்லன்னு வந்தோம்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உனக்கு மாறியிருந்த அதே தோல்தான் எனக்கும் மாறியிருக்கிறது. எனக்கு யாரும் பார்க்கவில்லை. அதனால் அது அதன் வழியில் போயிருக்கிறது. எரிச்சல் நின்றதைப் பெருமையாக எழுதினேனே, சிலருக்கு அப்படி நிற்குமாம். உணவுக்குழாயில் முக்கால்வாசி அடைத்துவிட்டது. ஈரலுக்கும் போய்விட்டது. ஆபரேஷன் கிடையாது. விழுங்குவதற்கு வழி வேண்டுமென்று உள்ளே ஒரு வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள். இப்போது கூழாக எதையும் குடிக்க முடிகிறது.

தங்கச்சிக்குச் சொல்லாதே. அவள் இப்போதுதான் உன் ரிசல்ட்டுக்கு அழுது முடித்திருக்கிறாள். கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்.

மச்சான்


ஆகஸ்ட் 8

மச்சான்,

சொல்லிவிட்டேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன், சொல்லக் கூடாது என்றே போனேன். அவள் சாப்பாட்டைப் போட்டாள். முதல் வாய் இறங்கவில்லை. "என்ன, மறுபடி எரியுதா?" என்று என் நெஞ்சைத் தடவ வந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை, உன் அண்ணனுக்கு என்று வாயில் வந்துவிட்டது. முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் வரவில்லை.

அவள் உங்களைத் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டாள். "ரொட்டி இறங்கலைன்னு அண்ணன் மார்ச்சுலயே எழுதியிருந்தாரே, நீங்க என்ன எழுதினீங்க?" நான் எழுதியதை அவளிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

நானும் ஒரு வருடமாக இந்த நோயைத் தவிர வேறெதையும் நினைத்ததில்லை. சாப்பாடு நிற்பது, இளைப்பது, எல்லா அறிகுறியும் எனக்கு மனப்பாடம். இந்த ஊர் டாக்டர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்: "முழுங்கும்போது நிக்குதா? எடை குறைஞ்சிருக்கா?" இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நிற்கிறது, குறைகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் சனிக்கிழமை வருகிறோம். நீங்கள் அங்கே தனியாக இருக்க வேண்டாம்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 14

மச்சான்,

வேடிக்கையைப் பாருங்கள். நீங்கள் அங்கே என் வீட்டில், என் கட்டிலில். நான் இங்கே உங்கள் வீட்டில், உங்கள் கூடத்து வேலையில். உங்கள் தங்கை உங்களைக் கையோடு அழைத்துப் போகிறேன் என்று நின்றபோது, "வேலையைப் பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?" என்று நீங்கள் பிடித்த பிடியில், "நான் முடிக்கிறேன்" என்று வாயைக் கொடுத்தேன். நல்லவேளை கொடுத்தேன். கையில் வேலை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

இன்ஜினியர் வந்தார். எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். ஒரு காலத்தில் அதற்காகத்தான் உங்களைக் காக்க வைத்தேன். கொடுத்தபோது கையில் சிமெண்ட் ஒட்டியதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிட்டவுடன் குனியாமல், காலையில் வெறும் வயிற்றில் அதிக வேலையை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதுதான் வழி, அதுக்காக வேலையை விடணும்னு யார் சொன்னா?" என்றார். நாம் இருவரும் அன்றே அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

உங்கள் சமையலறையைச் சுத்தம் செய்தேன். மிக்ஸி ஜாரில் ரொட்டியும் பாலுமாக அரைத்தது காய்ந்து ஒட்டியிருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுண்ணாம்பு மாத்திரையின் காலி அட்டைகள் ஒரு பை நிறைய. ஏன் சேர்த்து வைத்தீர்கள்? குப்பையில் போடச் சோம்பலா? அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம் ஒரே கூடத்தில், ஒரே நூலுக்கு இரண்டு பக்கத்திலும் குனிந்திருக்கிறோம். நீங்கள் சப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பரிசோதனை என்று சொன்ன அன்றுகூட, "மச்சான், நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க" என்று எனக்குத் தோன்றவில்லை. என் பயத்தில் நான் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

ஜூன் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. வேலைக்குக் கூப்பிடும் தந்திரம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 23

மாப்பிள்ளை,

மெதுவாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. காலையில் ஒரு பத்தி, மாலையில் ஒரு பத்தி.

தங்கச்சி என்னைப் பச்சைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள். மணிக்கொரு தடவை ஒரு கிண்ணம். "முழுங்கு, முழுங்கு" என்று பக்கத்தில் நின்று அவளும் சேர்ந்து விழுங்குகிறாள். கட்டில் விஷயத்தில் நீ சொன்னது பொய் இல்லை. நானும் காலையில் கால்மாட்டில்தான் கிடக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். இருந்தது. ஜூன் மாதம் முழுவதும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அப்போது உன்னை நான் திட்டாத திட்டு இல்லை. நீ வந்திருந்தால் என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பாய். போயிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று இங்கே டாக்டர் சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார். மார்ச்சில் போயிருந்தால் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார்.

ஆனால் எல்லாவற்றையும் உன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. உன்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, டாக்டரம்மா உன்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனசுக்குள் 'ஆமாம்' என்றுதான் பதில் வந்தது. எரிச்சல் உண்டா? ஆமாம். படுத்தால் புளித்து வருமா? ஆமாம். வாயைத் திறந்து சொன்னால் என்னையும் அந்தப் படுக்கையில் படுக்க வைத்துவிடுவார்களே என்று பேசாமல் இருந்தேன். நான் பயப்படவில்லை என்று நினைத்தாயா? நீ பயத்தை வெளியே காட்டினாய். நான் அதை மறைத்துக்கொண்டு உனக்கு அறிவுரை சொன்னேன். உன்னைப் போகச் சொல்லி எத்தனை கடிதம்! அதில் பாதியை எனக்கு நானே எழுதியிருக்க வேண்டும்.

சாளரப் பக்கம் எப்படி வந்திருக்கிறது? வெயில் பட்டால் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும் இடம். கவனம்.

உன் அடுத்த பரிசோதனை அக்டோபரில். மறந்துவிட்டாய் என்று தங்கச்சி சந்தேகப்படுகிறாள்.

மச்சான்


அக்டோபர் 19

மச்சான்,

மறக்கவில்லை. நம் டாக்டரம்மாவிடமே போனேன். ரிசல்ட் இன்று கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தபால் நிலையத்துக்கு வந்து, இங்கே உள்ள மேஜையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இன்று மாலையே உங்கள் தங்கையிடம் போனிலும் சொல்லிவிடுவேன். இனி யாரிடமும் எதையும் மறைக்கிற திராணி எனக்கு இல்லை.

மறுபடி அதே வார்த்தை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் தெளிந்தது இப்போது ஓர் இடத்தில் திரும்பவும் குழம்பியிருக்கிறதாம். இன்னொரு ஊருக்கு அனுப்பி இன்னொருவரையும் பார்க்கச் சொல்லப்போகிறார்கள். "ரெண்டாவது தடவை இப்படி வந்ததால நான் கொஞ்சம் கூடுதலாக் கவனிப்பேன். பயப்படச் சொல்லல. பார்த்துக்கிட்டே இருப்போம். தப்பா மாறுச்சுன்னாலும் ஆரம்பத்துலயே பிடிச்சா, அந்த இடத்தை மட்டும் குழாய் வழியாவே எடுத்துடலாம்" என்றார். ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த கோணல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் எழுந்து வரும்போது, "தேதியைச் சீட்டுல எழுதிக் குடுங்கம்மா" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உங்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும் நிலையில் நான் என் 'தெரியவில்லை'யைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

கூடம் முடிகிற நிலையில் இருக்கிறது. சாளரப் பக்கம் வெயில் விழும்போது படுத்துக்கொண்டு பார்த்தேன். மேடு பள்ளம் இல்லை. கிரவுட் அடைப்பதும் துடைப்பதும்தான் பாக்கி. முடித்துவிட்டு மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 25

மாப்பிள்ளை,

நான் சொல்லத் தங்கச்சி எழுதுகிறாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்வதால் எழுத்து இழுபட்டிருந்தால் அது அவள் குற்றம், என்னுடையது இல்லை.

உன் கடிதத்தை அவள்தான் படித்துக் காட்டினாள். 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் மேலே படி என்றேன். படிக்கவில்லை. "என்ன அண்ணே, இப்படி ஆயிடுச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலை, அதைத்தானே அவன் எழுதியிருக்கான்" என்றேன். சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள்.

வெட்கம் என்று எழுதியிருக்கிறாய். எதற்கு வெட்கம்? அந்த வார்த்தை எனக்குக் கிடைக்கவே இல்லை, மாப்பிள்ளை. எனக்கு முதல் தடவையே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். சந்தேகம் என்ற அளவில் அது இருந்த காலம் எனக்கும் இருந்திருக்கும். ஒரு வருடமோ, ஐந்து வருடமோ. அப்போது நான் மாத்திரையைச் சப்பிக்கொண்டு ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே படுத்துக்கொண்டு அந்தக் காலத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த வருடம் அது, எந்தக் கட்டடம் என்று. உன்னிடம் அந்தக் காலம் கையில் இருக்கிறது. ஜனவரியில் போ. அதற்கப்புறம் கூப்பிடும்போதெல்லாம் போ. ஒவ்வொரு தடவையும் தெரியவில்லை என்றே சொல்லட்டும், கேட்டுக்கொண்டு கிழவனாகு.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்கிறாள், மூச்சு வாங்குகிறதாம். இன்னும் ஒன்று மட்டும்.

மாதக் கடைசிவரைக்கும் இருக்காதே. கிரவுட்டை யார் வேண்டுமானாலும் அடைப்பார்கள். அந்தக் கிரவுட்காரனிடம் விட்டுவிட்டு நாளைக்கே பஸ் ஏறு. கதவு திறந்துதான் இருக்கும். எனக்கு அதிகம் பேச வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மச்சான்